மெட்ராஸ் டெரஸ் ஒழுகுது, சிமென்ட் பூசிய சுவர் உதிருது: செட்டிநாட்டு வீட்டில் எங்கிருந்து தொடங்குவது?

1. முற்றம்வாசி

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். 1930-ஐ ஒட்டிக் கட்டிய வீடு. முகப்பு முழுக்க மெட்ராஸ் டெரஸ் (மரக் கட்டைகள் மேல் செங்கல் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் தட்டிப் போட்ட தட்டைக் கூரை), உள்ளே முற்றத்தைச் சுற்றிய வளவும் இரண்டாங்கட்டும் நாட்டு ஓடு. ஓட்டுப் பகுதியில் பெரிய தொல்லை இல்லை. தொல்லை முகப்பில்தான்.

மொட்டை மாடி ஏறத்தாழ 1,000 சதுர அடி. தட்டோட்டுக்கு (மாடியில் பதித்த தட்டையான ஓடு) மேலே பிற்காலத்தில் இரண்டு அங்குல சிமென்ட் தளம் போட்டிருக்கிறார்கள். மழை நின்று இரண்டு நாள் ஆன பிறகும் உள்ளே சொட்டுகிறது. வடக்குச் சுவரோரம் இரண்டு விட்டங்களின் முனை கறுத்திருக்கிறது.

கீழே, தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குப் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமென்ட் பூசி, மேலே எமல்ஷன் அடித்திருக்கிறது. இப்போது ஓதம் (தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம்) நாலரை அடிக்கு ஏறிவிட்டது. அதற்கு மேலே இருக்கிற பழைய முட்டைப் பூச்சும் (முட்டை வெள்ளைக் கரு கலந்து பளபளப்பாகத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு) பொரிந்து வருகிறது.

ஒப்பந்தக்காரர் சொல்லும் யோசனை: மாடியில் தார் ஷீட் ஒட்டி அதற்கு மேல் இன்னொரு சிமென்ட் தளம், சுவருக்கு வாட்டர்ப்ரூஃப் கலந்த சிமென்ட் பூச்சு. இதில் எது சரி, எது தப்பு? எந்த வரிசையில் வேலையைத் தொடங்க வேண்டும்?

2. சுண்ணாம்புச்சாந்து

இரண்டுமே வேண்டாம். தயவுசெய்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

மழை நின்று இரண்டு நாள் கழித்தும் சொட்டுகிறது என்றால், தண்ணீர் சிமென்ட் தளத்துக்கும் தட்டோட்டுக்கும் நடுவில் தேங்கி நிற்கிறது. சிமென்ட் தளம் வெயிலில் விரிந்து சுருங்கி, கைப்பிடிச் சுவரோடு சேரும் இடத்தில் முதலில் பிரியும். மயிரிழை அளவு பிளவு போதும், தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். இறங்கியது வெயிலில் ஆவியாகி வெளியே போக வழி இல்லை. கீழே இருக்கிற செங்கல் ஜல்லித் தளம் அதைக் குடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டத்தின் மேல் விடுகிறது. இன்னொரு தளமும் தார் ஷீட்டும் போட்டால் சொட்டு ஒரு வருஷம், இரண்டு வருஷம் நிற்கலாம். அந்த இடைவெளியில் மரம் உள்ளுக்குள் மக்கும், உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

எடைக் கணக்கையும் பாருங்கள். 50 மி.மீ. சிமென்ட் தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 110 கிலோ. உங்கள் 93 சதுர மீட்டருக்குப் பத்து டன்னுக்கு மேல். அந்தப் பத்து டன்னை விட்டங்கள் ஏற்கெனவே கூடுதலாகத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. அதே கனத்தில் இன்னொன்று போட்டால் இருபது.

டெல்லி ஹுமாயூன் கல்லறைச் சீரமைப்பிலும் இதே வேலை நடந்தது. இருபதாம் நூற்றாண்டில் கூரைமேல் அடுக்கடுக்காகக் கொட்டிய கான்கிரீட்டில் பத்து லட்சம் கிலோ வரை எடுத்து வெளியேற்றிவிட்டுத்தான் மறுபடி சுண்ணாம்புத் தளம் போட்டார்கள்.

வரிசை: மேலிருந்து கீழே. கூரை, மழைநீர்க் குழாய், மர வேலை, வீட்டைச் சுற்றித் தண்ணீர் போகும் வாட்டம். சுவர்ப் பூச்சு கடைசி. சுவரை முதலில் அழகாக்கிவிட்டு மாடிக்குப் போகிறவர்கள் சுவருக்கு இரண்டு தடவை பணம் கட்ட வேண்டியிருக்கும்.

3. விட்டமும்கட்டையும்

மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் சிமென்ட் தளத்தை எடுக்கிறேன் என்று யாராவது பிரேக்கர் மெஷினோடு மாடி ஏறுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

மெட்ராஸ் டெரஸில் விட்டம் மேல் கட்டைகள் ஒரு அடி முதல் ஒன்றரை அடி இடைவெளியில் போகும். கட்டைகளின் மேல் ஒரு அங்குல கனமுள்ள மெல்லிய டெரஸ் செங்கல், குத்துவாக்கில், சுவருக்கு 45 பாகை சாய்வில். கீழே பலகை அடைப்பு எதுவும் இல்லாமல், சுண்ணாம்புச் சாந்தின் பிடிப்பிலேயே மூலையிலிருந்து கல்லோடு கல்லாக ஒட்டிக் கொண்டுபோன வேலை அது. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை இறுக்கிப் பிடித்திருப்பதால்தான் அந்த அடுக்கு நிற்கிறது. அதிர்ச்சி கொடுத்தால் சாந்து விட்டுவிடும். ஒரு கல் தனியாக விழாது, இரண்டு கட்டைக்கு நடுவில் இருக்கும் பத்தி மொத்தமாக இறங்கும்.

செய்யும் முறை:

ஒவ்வொரு விட்டத்துக்கும் கீழே, நடுவிலும் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி இரு முனையிலும் இரும்பு முட்டு. முட்டின் தலையில் நீளப் பலகை, அடியிலும் பலகை. அடியில் பலகை இல்லாமல் நிறுத்தினால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் உடையும். முட்டுகளைத் திருகி விட்டத்தை மேலே தூக்கப் பார்க்காதீர்கள், தொட்டு நின்றால் போதும். எண்பது வருஷத்துக்கு மேலாகத் தொய்ந்து பழகிய மரத்தை ஒரே நாளில் நிமிர்த்தினால் மேலே உள்ள தளம் வெடிக்கும்.

சிமென்ட் தளத்தைக் கட்டரால் இரண்டடிக்கு இரண்டடி சதுரமாகக் கீறுங்கள். கீறல் ஆழம் தளத்தின் கனத்தைவிடக் கால் அங்குலம் குறைவாக இருக்கட்டும், தட்டோடு வெட்டுப்படக் கூடாது. பிறகு பட்டை உளியைப் பக்கவாட்டில் நுழைத்து நெம்புங்கள். மாடியின் இரு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கிச் சமமாக வாருங்கள். இடித்த சக்கையை மாடியில் குவிக்கவே கூடாது. ஒரு கன மீட்டர் குவியல் ஒன்றரை டன், அது ஒரே விட்டத்தின் தலையில் உட்காரும். அன்றன்றைக்குக் கீழே இறக்குங்கள்.

கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று இருந்தால் பிடுங்காதீர்கள். வேர் உள்ளே கற்களைச் சுற்றியிருக்கும். அடியோடு வெட்டி, வெட்டுவாயில் உடனே கிளைபோசேட் களைக்கொல்லி தடவி, வேர் செத்துச் சுருங்கிய பிறகு எடுத்து, துளையைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும்.

4. முற்றம்வாசி

நன்றி. தளத்தை எடுத்த பிறகு தட்டோடு பாதிக்கு மேல் உடைந்திருந்தால்? பழைய செங்கல் ஜல்லித் தளத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

5. கரணைப்பிடி

தட்டிப் பாருங்க அண்ணே. ஒரு சின்ன மரச் சுத்தியலால ஒரு அடிக்கு ஒரு தட்டு. கணீர்னு வந்தா கிடக்கட்டும். பொக்குனு வந்தா அங்க சாக்பீஸால வட்டம் போடுங்க. வட்டம் மாடியில கால்வாசிக்குள்ள இருந்தா அந்த இடத்த மட்டும் தோண்டி ஒட்டுப் போட்டுக்கலாம். பாதி தாண்டிடுச்சுன்னா முழுசா எடுத்துட்டுப் புதுசா போடுறதுதான் நல்லது. ஒட்டுக்கு ஒட்டு மூட்டு வந்து அத்தனையும் ஒழுகும்.

புதுசா போடுறதுக்கு:

ஜல்லி நல்லா வெந்த செங்கல்ல உடைக்கணும், 20-லேர்ந்து 25 மி.மீ. அளவு. கருகல் கல் வேணாம், அது சுண்ணாம்பப் பிடிக்காது. பழைய கட்டடத்துச் செங்கல்ல உப்பு இருக்கும், அதையும் சேக்காதீங்க. கலக்குறதுக்கு முன்னாடி ஜல்லி ஆறு மணி நேரமாவது தண்ணியில ஊறணும். ஊறாத ஜல்லி சுண்ணாம்புல உள்ள ஈரத்தை இழுத்துக்கும், தளம் பொரபொரன்னு போயிடும்.

அளவு ஜல்லி இரண்டரை பங்கு, தாளிச்ச சுண்ணாம்பு (சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணியில போட்டு நீத்தினது) ஒரு பங்கு. தட்டி முடிச்சப்புறம் சராசரி நாலு அங்குலம் நிக்கணும். தண்ணி போற வாய்கிட்ட குறைஞ்சது ரெண்டரை அங்குலம், எதிர்ப்பக்கம் மேல ஏறும். வாட்டம் அஞ்சடிக்கு ஒரு அங்குலம், அதுக்குக் கீழ போகாதீங்க.

உங்க 1,000 சதுர அடிக்குக் கணக்குப் போட்டா, தட்டி முடிச்ச தளம் 9.3 கன மீட்டர். தட்டத் தட்ட இறங்கும்கிறதால ஜல்லி நாலு யூனிட் (400 கன அடி) வாங்குங்க. சுண்ணாம்பு தாளிச்ச பிறகு 4.5 கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல வேணும்.

கடுக்காய்த் தண்ணி: பத்து சதுர மீட்டருக்குக் கடுக்காய் 600 கிராம், வெல்லம் 200 கிராம், தண்ணி 40 லிட்டர். உங்க மாடிக்குக் கடுக்காய் அஞ்சரை கிலோ, வெல்லம் ரெண்டு கிலோ, தண்ணி 370 லிட்டர் ஆகும். கடுக்காயை நொறுக்கி ஊறப் போடுங்க, ஒரு ராத்திரி போதும். தெளிஞ்ச தண்ணிய மட்டும் இறுத்து எடுங்க. சக்கையைத் தளத்துல கொட்டுனா எறும்பு வரும்.

தட்டுறது ஏழு நாள். முதல் நாள் கனமான கட்டையால லேசா, நெருக்கமா. அடுத்த நாள்லேர்ந்து வரிசையா உக்காந்து தட்டுக்கட்டையால. காய விடாம கடுக்காய்த் தண்ணி தெளிச்சுக்கிட்டே தட்டணும். கட்டை துள்ளி மேல வரணும், தளத்துல தடம் விழக் கூடாது. அதுவரைக்கும் நிறுத்தக் கூடாது. அப்புறம் வைக்கோல் இல்லேன்னா கோணிச் சாக்குப் போட்டுப் பத்து நாள் ஈரம் காக்கணும்.

6. மாக்கல்

கரணைப்பிடி சொன்னதற்குக் காரணத்தைச் சேர்க்கிறேன். காரணம் தெரியாதவர்கள்தான் செலவு மிச்சம் என்று ஏதாவது ஒன்றை விட்டுவிடுகிறார்கள்.

வெறும் சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டுதான் மறுபடி கல்லாகிறது. நாலு அங்குலத் தளத்தின் நடுவுக்கு அந்த வாயு போய்ச் சேர வருஷக்கணக்கில் ஆகும். அப்படியிருந்தும் தளம் உள்ளே இறுகுவது செங்கல்லால். அளவான சூட்டில் வெந்த செங்கல்லின் தூள் சுண்ணாம்போடும் ஈரத்தோடும் சேர்ந்து, காற்றே இல்லாமல் இறுகும் பொருளாக மாறுகிறது. சுர்க்கி (செங்கல் தூள்) சேர்ப்பதும் இதற்காகவே. ஆகவே செங்கல் ஜல்லிக்குப் பதில் கருங்கல் ஜல்லி போட்டால் தளம் நடுவில் மாவாகவே கிடக்கும். ஈரம் காக்காமல் முதல் வாரத்தில் காயவிட்டாலும் இதே கதிதான்.

ஏழு நாள் தட்டுவது நெருக்கத்துக்காக. சுண்ணாம்பு இறுகும்போது சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். வெடிக்க வெடிக்கத் தட்டி மூடிக்கொண்டே வருவதுதான் அந்த ஏழு நாள். மூன்று நாளில் முடித்த தளத்தில் சுருக்க வெடிப்பு அப்படியே நிற்கும், அதற்கு மேல் எந்தத் தட்டோடு போட்டாலும் பயனில்லை.

வெல்லம் கூடினால் பலம் கூடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சர்க்கரை இறுகுவதைத் தாமதப்படுத்தும் பொருள். அளவாக இருந்தால் தட்டுவதற்கு நேரம் கிடைக்கும். அளவு மீறினால் தளம் வாரக்கணக்கில் மெத்தென்றே கிடக்கும், பூஞ்சையும் பிடிக்கும்.

சுண்ணாம்பு வாங்கும்போது: மூட்டையில் வெள்ளையடிக்க வரும் பொடிச் சுண்ணாம்பு வேண்டாம். எத்தனை மாதம் கடையில் கிடந்ததோ, அதில் ஒரு பகுதி ஏற்கெனவே சுண்ணாம்புக்கல்லாகத் திரும்பியிருக்கும். காளவாயிலிருந்து வந்த புதுச் சுட்ட கல்லாக வாங்கி நீங்களே தாளியுங்கள். சோதனை எளிது. தாளித்த சுண்ணாம்பு பட்டாணி அளவு எடுத்து நீர்த்த அமிலத்தில் போடுங்கள். லேசாகக் குமிழி வந்தால் சரி. பொங்கி நுரைத்தால் கல் வேகவில்லை, அல்லது காற்றுப் பட்டுக் கெட்டுவிட்டது.

தாளிப்பது இரும்பு டிரம்மில், பிளாஸ்டிக் தொட்டி சூட்டில் இளகிவிடும். தொட்டியில் முதலில் தண்ணீர், அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கல்லைக் கொட்டிவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை கட்டாயம். கண்ணில் பட்டால் சுத்தத் தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். தாளித்ததை 2 மி.மீ. சல்லடையில் வடித்து, மேலே எப்போதும் தண்ணீர் நிற்கும்படி மூன்று வாரம் வையுங்கள். அவசரப்பட்டால் வேகாத பொடிக்கல் சுவரில் போன பிறகு பூத்து, பூச்சில் காசு அளவு குழிகளாகத் தெறிக்கும்.

7. வடக்குவளவு

இவ்வளவும் சரி. ஆனால் ஏழு நாள் தட்ட ஆள் எங்கே கிடைக்கிறது? மொத்தத்தையும் இறக்கிவிட்டு ஐந்து அங்குலம் ஆர்.சி.சி. ஸ்லாப் போட்டால் ஒரே மாதத்தில் முடிந்துவிடும். கரையான் தொல்லையும் போகும். பழைய வீட்டைக் காப்பாற்றத்தான் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

8. விட்டமும்கட்டையும்

நியாயமான கேள்வி. கூரை ஏற்கெனவே இடிந்து கீழே கிடக்கும் வீட்டில் ஸ்லாப் பற்றிப் பேசலாம். நிற்கிற கூரையை இறக்கி ஸ்லாப் போடுவதில் மூன்று சிக்கல்.

முதலாவது, ஸ்லாப் வெயிலில் நீளும். மெட்ராஸ் டெரஸ் ஆயிரக்கணக்கான சுண்ணாம்பு மூட்டுகளில் அந்த நீட்சியைக் கரைத்துக்கொள்ளும், ஸ்லாப் ஒரே பலகையாகச் சுவரைத் தள்ளும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரின் தலையில், ஸ்லாப்புக்கு ஓரடி கீழே, நீளவாக்கில் வெடிப்பு வரும். அந்த வெடிப்பு வழியே திரும்பவும் தண்ணீர்.

இரண்டாவது, ஸ்லாப் வார்க்கும்போது இறங்கும் சிமென்ட் தண்ணீரின் உப்புகள் முழுக்கச் சுவரின் தலையில் ஊறும். மேலே மிஞ்சியிருக்கும் முட்டைப் பூச்சு அதில்தான் முதலில் போகும்.

மூன்றாவது வெப்பம். ஏழெட்டு அங்குலச் செங்கல்லும் சுண்ணாம்பும் நீங்கிய இடத்தில் ஐந்து அங்குலக் கான்கிரீட். மே மாதத்தில் அந்த முகப்பில் உட்கார முடியாது.

ஆள் கிடைப்பது கடினம்தான், முடியாதது இல்லை. சேப்பாக்கம் கலச மஹால் 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரை போனது. பொதுப்பணித்துறையே சுண்ணாம்பும் மெட்ராஸ் டெரஸும் கொண்டு அதை மீட்டது. அந்த மாதிரி வேலைகளில் பழகிய கைகள் இருக்கின்றன. ஒரு தேர்ந்த மேஸ்திரியும் பன்னிரண்டு பதினைந்து புது ஆட்களும் இருந்தால் தட்டும் வேலை நடக்கும். தட்டுவதைக் கற்றுக்கொள்ள ஒரு நாள் போதும். டெரஸ் செங்கல் ஒட்டுவதற்குத்தான் வருஷக்கணக்கில் கைப்பழக்கம் வேண்டும், முற்றம்வாசி வீட்டில் அது அப்படியே நிற்கிறது.

9. முற்றம்வாசி

விட்ட முனை பற்றிச் சொல்லுங்கள். பர்மா தேக்கு. திருப்புளியால் குத்தினேன். ஒன்றில் அரை அங்குலம் இறங்குகிறது, இன்னொன்றில் மூன்று அங்குலம் தடையில்லாமல் இறங்குகிறது.

10. விட்டமும்கட்டையும்

அரை அங்குலம் இறங்குவது மேல்தோல் மக்கியது. சுரண்டி எடுத்து, காய வைத்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை இரண்டு மூன்று தடவை பூசினால் போதும். போரான் தண்ணீரில் கரைந்து போகும், ஆகவே ஒழுகல் நின்ற பிறகு பூசுங்கள்.

மூன்று அங்குலம் இறங்குவது முனை போய்விட்டது என்று அர்த்தம். முழு விட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. சுவரிலிருந்து வெளியே ஆறு அங்குலத்துக்கு ஒன்றாகக் குத்திக்கொண்டே வாருங்கள். குத்து நிற்கும் இடத்திலிருந்து இன்னும் ஓரடி நல்ல மரத்தையும் சேர்த்து வெட்டி, பழைய தேக்கில் புது முனை செய்து சாய்வு வெட்டுப் பொருத்தில் இணைக்க வேண்டும். பொருத்தின் நீளம் விட்டத்தின் ஆழத்தைப்போல மூன்று மடங்கு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட், பெரிய வாஷர். சாதாரண இரும்பு போல்ட் தேக்கில் துருப்பிடித்துச் சுற்றி மரத்தைக் கறுப்பாக்கும். பொருத்து சுவருக்கு அருகில் வர வேண்டும், விட்டத்தின் நடுப்பகுதிக்கு வந்தால் இந்த முறை செல்லாது. அப்போது இரு பக்கமும் ஸ்டீல் பட்டை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் செய்ய வேண்டும், பொறியாளர் ஒருவர் நேரில் பார்க்காமல் செய்யாதீர்கள்.

முனை ஏன் மக்கியது என்பதுதான் முக்கியம். சுவர்க் குழிக்குள் விட்ட முனையைச் சுற்றிச் சிமென்டை அடைத்திருப்பார்கள், அனேகமாக உங்கள் வீட்டிலும் அதுதான். மரத்தின் முனை வெட்டுவாய் வழியேதான் ஈரம் அதிகமாக ஏறும், அந்த வாயையே அடைத்துவிட்டால் ஈரம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். புது முனைக்கு அடியில் கருங்கல் பட்டை ஒன்று, தாங்கும் நீளம் குறைந்தது ஆறு அங்குலம், பக்கங்களிலும் பின்னாலும் அரை அங்குலக் காற்று இடைவெளி. அதை எதனாலும் நிரப்பாதீர்கள். ஈரமானி வைத்துப் பார்த்து மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் முட்டுகளை எடுக்க வேண்டும்.

11. சுண்ணாம்புச்சாந்து

சுவருக்கு வருகிறேன். இதில்தான் பொறுமை வேண்டும்.

ஓதம் சிமென்ட் பூசிய மூன்றடியையும் தாண்டி நாலரை அடிக்கு ஏறியது ஏன் தெரியுமா? தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் பழைய பூச்சில் முழங்கால் உயரத்திலேயே ஆவியாகி வெளியேறிக்கொண்டிருந்தது. சிமென்டும் எமல்ஷனும் அந்த வழியை அடைத்துவிட்டன. வெளியேற இடம் தேடி ஈரம் மேலே போய், சிமென்ட் முடிகிற கோட்டுக்கு மேலே இருக்கும் சுண்ணாம்புப் பூச்சில் வெளிவருகிறது. கூடவே உப்பும். உப்பு காயும்போது படிகமாகிப் பருக்கும், பூச்சைத் தள்ளி உதிர்க்கும். வாட்டர்ப்ரூஃப் சிமென்டை ஐந்தடிக்குப் பூசினால் ஓதம் ஏழடியில் வரும்.

சிமென்ட் பூச்சைச் சின்ன உளியும் அரைக் கிலோ சுத்தியலும் வைத்து எடுங்கள். செங்கல்லின் மேல்தோல் சிமென்டோடு சேர்ந்து வரும் இடங்கள் இருக்கும். அங்கே விடாப்பிடியாக இழுக்காதீர்கள், சின்னச் சின்னத் துண்டாக உடைத்து எடுங்கள். மூட்டுச் சாந்து மாவாகிப் போயிருந்தால் முக்கால் அங்குல ஆழத்துக்குச் சுரண்டுங்கள்.

பிறகு சுவரை வெறுமனே விடுங்கள். ஈரச் சுவர் ஒரு அங்குலம் காய ஒரு மாதம் என்பது நடைமுறைக் கணக்கு. உங்கள் சுவர் ஒன்றரை அடி என்றால் இரு பக்கமும் திறந்து வைத்தாலும் ஒன்பது மாதம். அந்த மாதங்களில் மேலே பூக்கும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் துடைத்து முறத்தில் அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள் போகும்.

உப்பு விடாமல் பூத்துக்கொண்டே இருந்தால் ஒரு தியாகப் பூச்சு பூசலாம். சுண்ணாம்பு ஒன்று, மணல் மூன்றரை, கால் அங்குல கனம், தேய்த்து மெழுகாமல் சொரசொரப்பாக. உப்பு முழுக்க அதில் வந்து உட்காரும். ஒரு கோடை கழித்து அதைக் கொத்தி எடுத்துத் தூரப் போட்டுவிட்டு நிரந்தரப் பூச்சுக்குப் போகலாம்.

12. மாக்கல்

சுவரில் ஊசி போட்டு ரசாயனம் ஏற்றி ஓதத்தைத் தடுக்கிறோம் என்று யாராவது வந்தால்: ஒரே சீரான செங்கல் சுவரில் அது ஓரளவு வேலை செய்யும். உள்ளே கல்லும் மண்ணும் நிரப்பிய பழைய சுவரில் ரசாயனம் இடுக்குகளில் வழிந்து போய்விடும், அடுக்காக நிற்காது. முதலில் வீட்டுக்கு வெளியே பாருங்கள். தெரு உயர்ந்து திண்ணைக்கு மேலே மண் ஏறியிருக்கிறதா? மாடிக் குழாய் சுவரடியில் கொட்டுகிறதா? இந்த இரண்டையும் சரிசெய்தாலே ஓதம் பாதி குறையும். 40 சதுர மீட்டர் மாடிக்கு ஒரு 100 மி.மீ. குழாய் வீதம் வையுங்கள், கொட்டும் தண்ணீரை சுவரிலிருந்து ஆறடியாவது தள்ளிக் கொண்டுபோங்கள்.

பழைய பூச்சில் சுண்ணாம்பும் மணலும் எந்த விகிதத்தில் என்று தெரிய: உதிராத இடத்திலிருந்து ஐம்பது கிராம் எடுத்துக் காய வைத்து எடை போடுங்கள். பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நுரை நிற்கும் வரை போடுங்கள். சுண்ணாம்பு கரைந்துவிடும். மிச்சத்தை வடிகட்டி, கழுவி, காய வைத்து எடை போட்டால் அது மணல். மணலின் நிறமும் பருமனும் கையில் கிடைக்கும், அதற்குத் தகுந்த மணலைத் தேடலாம். ஒரு எச்சரிக்கை: மணலில் கிளிஞ்சல் தூளோ சுண்ணாம்புக்கல் தூளோ இருந்தால் அதுவும் கரைந்து, சுண்ணாம்பு கூடுதலாக இருப்பதுபோல் காட்டும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கிளிஞ்சல் துண்டு தெரியும்.

13. கரணைப்பிடி

பூச்சுக்கு வரும்போது, ஆத்து மணல் கிடைக்கலேன்னா பூச்சுக்கு வர்ற எம்-சாண்டைக் கழுவிப் பயன்படுத்தலாம். தூள் அதிகமா இருந்தா மயிரிழையா வெடிக்கும். போர் தண்ணி உப்பா இருந்தா கலவைக்கு வேணாம்.

முதல் கை: சுண்ணாம்பு ஒண்ணு, மணல் மூணு, கீழ் மூணடிக்கு மட்டும் மணல்ல ஒரு பங்குக்குப் பதிலா சுர்க்கி. செக்குல அரைச்சா நல்லது, இல்லேன்னா கலந்து ஒரு வாரம் மூடி வெச்சு மறுபடி மிதிச்சு எடுங்க. கனம் அரை அங்குலத்துக்கு மேல போகக் கூடாது. சுவரை முந்தின நாளே நனைச்சு வைங்க. பூசி ரெண்டாம் நாள் மூணாம் நாள் வெடிப்பு தெரியும், மணியாசுக் கட்டையால (பூச்சு தேய்க்கிற மரப்பலகை) அழுத்தித் தேய்ச்சு மூடுங்க. பத்து நாள் கழிச்சு ரெண்டாம் கை, கால் அங்குலம், சலிச்ச மணல்.

மேல முட்டைப் பூச்சு போன இடத்துல கிளிஞ்சல் சுண்ணாம்பும் மாக்கல் தூளும் முட்டை வெள்ளைக் கருவும் கலந்து ஒரு மி.மீ., ரெண்டு மி.மீ. தான். மஞ்சக் கரு கலந்தா நிறம் மாறும். ரெண்டாம் கை முழுசா காயறதுக்குள்ள இதை ஏத்தணும். விரலால தொட்டா ஒட்டாம, நகத்தால கீறினா கீறல் விழற பதத்துல வழவழப்பான கூழாங்கல்லால தேய்க்க ஆரம்பிங்க. மேல வேர்வை மாதிரி ஈரம் கசியும், துணியால துடைச்சுத் துடைச்சுத் தேய்க்கணும். பளபளப்பு அப்பதான் வரும். ஒரு சுவரை ஒரே நாள்ல ஒரே மூச்சா முடிக்கணும், நடுவுல நிறுத்துனா கோடு தெரியும், அந்தக் கோட்டை அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது.

14. சுண்ணாம்புச்சாந்து

அதில் ஒன்று சேர்க்க வேண்டும்: முட்டைப் பூச்சைக் கீழ் நாலரை அடிக்குப் போடாதீர்கள். அவ்வளவு நெருக்கமாகத் தேய்த்த பரப்பு ஈரத்தை விடாது. ஓதம் உள்ள உயரம் வரை இரண்டாம் கையோடு நிறுத்தி, சுண்ணாம்புத் தண்ணீரை மெல்லியதாக நாலைந்து தடவை அடியுங்கள். நிறம் ஒத்துப்போக மேல் பூச்சில் பயன்படுத்திய கிளிஞ்சல் சுண்ணாம்பையே எடுங்கள். பார்வைக்கு மேலும் கீழும் கொஞ்சம் வேறுபடும். அந்த வேறுபாட்டோடு இருப்பதுதான் மேலே மிஞ்சியிருக்கும் அசல் பூச்சுக்குப் பாதுகாப்பு. 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியது இந்த அசல் வேலைப்பாடுகளின் பேரில்தான். பொரியாத முட்டைப் பூச்சு ஒரு சதுர அடி இருந்தாலும் கொத்தாதீர்கள்.

15. முற்றம்வாசி

கடைசியாக இரண்டு. வேலையை எப்போது தொடங்கலாம்? கூலி சதுர அடிக் கணக்கில் பேசலாமா?

16. விட்டமும்கட்டையும்

சிமென்ட் தளத்தை எடுப்பதையும் விட்ட முனையையும் ஜனவரி கடைசியில் தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழை விட்டிருக்கும், மரம் காய நேரம் இருக்கும். சுண்ணாம்பை டிசம்பரிலேயே தாளித்துப் போட்டுவிட்டால் மூன்று வாரம் தாண்டி நன்றாகப் பதம் வந்திருக்கும். ஜல்லித் தளம் பிப்ரவரி கடைசிக்குள் முடியட்டும். ஏப்ரல், மே வெயிலில் தட்டினால் ஈரம் நிற்காது. தட்டோடு மார்ச்சில், சுண்ணாம்பு சுர்க்கிச் சாந்தில். கைப்பிடிச் சுவரோரம் தளத்தை வளைவாக மேலே ஏற்றிச் சுவருக்குள் ஆறு அங்குல உயரத்தில் ஒரு காடி வெட்டி உள்ளே செருகுங்கள். அந்த மூலைதான் முதலில் ஒழுகிய இடம். முடித்ததும் பக்கெட்டில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், ஒரு இடத்திலும் தேங்காமல் வாய்க்கு ஓட வேண்டும். தேங்கினால் தட்டோட்டை அன்றே எடுத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். சுவர்ப் பூச்சு அடுத்த ஆண்டு.

17. கரணைப்பிடி

கூலிய ரெண்டாப் பிரிங்க. ஜல்லி உடைக்க, கலக்க, தட்டோடு பதிக்க சதுர அடிக் கணக்கு சரி. தட்டுற வேலையும் கூழாங்கல் தேய்க்கிற வேலையும் நாள் கூலி. அதைச் சதுர அடியில பேசினா நாலாம் நாளே முடிஞ்சுதுன்னு கட்டையக் கீழ வெச்சிடுவாங்க. ஒப்பந்தத்துலயே எழுதுங்க: கட்டை துள்ளி, தடம் விழாம இருந்தாத்தான் தட்டு முடிஞ்சதா கணக்கு, அதை நீங்க நேர்ல பாத்தாத்தான் பாக்கிப் பணம். அப்புறம் கலவை போடுற எடத்துல சிமென்ட் மூட்டை ஒண்ணுகூட இருக்கக் கூடாதுன்னு சொல்லிடுங்க. சீக்கிரம் இறுகட்டும்னு ஒரு சட்டி சிமென்டைக் கலவையில போடுற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கு.

18. முற்றம்வாசி

எழுதிக்கொண்டேன். தட்டிப் பார்த்து வட்டம் போட்ட மாடிப் படத்தையும், சிமென்ட் எடுத்த பிறகு விட்டக் குழியின் படத்தையும் இதே இழையில் பதிவிடுகிறேன். முட்டு நிறுத்துவதற்கு முன் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டிருக்கிறேன்.

19. விட்டமும்கட்டையும்

நல்லது. அவர் வரும்போது விட்டங்களின் அகலம், ஆழம், சுவருக்குச் சுவர் இடைவெளி, கட்டைகளின் இடைவெளி ஆகியவற்றை அளந்து தயாராக வைத்திருங்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அது எந்த விட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் குறித்து வையுங்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி என்றால் ஒரு டன். வேலை தொடங்கும் முன் அதைக் காலிசெய்து இறக்கிவிடுங்கள்.